திரைக்கு ஓர் உறை

அத்தியாயம் 14

ஏழரை மணிக்குத் திரைக்காரி கண் திறந்தாள்.

"வணக்கம். நல்லா தூங்கினீங்களா?"

"தூங்கினேன் சிஸ்டர். நீங்க?"

"நான் தூங்கறதே இல்லையே!" என்று அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கொக்கியும் சிரித்தான். எண்பத்து நான்கு நாட்களாக இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு.

தையல்காரி மிஷினில் நூல் கோத்துக்கொண்டே கணவனின் சிரிப்பைக் கேட்டாள். இந்தச் சிரிப்பில் ஒரு துளி தன் பக்கம் தெறித்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தாள். இடது கையில் நடுவிரல் இன்னும் வீங்கியிருந்தது. போன வாரம் அந்த விரல் மேசை டிராயருக்குள் இருக்கும்போதுதான் அவன் டிராயரை இடுப்பால் இடித்து மூடினான்.

கொக்கி அவன் பெயரல்ல. சரக்கு முற்றத்தில் கிரேன் ஓட்டுகிறவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், கேபினுக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் வழுக்கி விழுந்தான். தலையில் பதினேழு தையல். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே இந்தத் திரையையும் அனுப்பினார்கள். சக்கரம் வைத்த கம்பத்தின் மேல் நிலைக்கண்ணாடி அளவுக்கு ஒரு திரை, அதற்குள் இடுப்புவரை தெரிகிற ஒரு நர்ஸ்.

"இவங்க நிஜ மனுஷி இல்லம்மா. வரைஞ்ச பொம்மை," என்று பொருத்த வந்த ஆள் அன்றைக்கே சொன்னான். "வீட்டுல நடக்கறதைப் படம் புடிச்செல்லாம் வெக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. எதிர்ல ஆள் தெரிஞ்சா பேசுவாங்க, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட வாயே திறக்காத ஆளுங்ககூட இவங்ககிட்ட மனசைக் கொட்டறாங்க. கரண்ட் போனாலும் பேட்டரியில பதினஞ்சு நிமிஷம் இருப்பாங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. கட்டிய மனைவியிடம் பல்வலி என்றுகூடச் சொல்லாத கொக்கி, திரைக்காரியிடம் அழுதான். ஏணியின் பன்னிரண்டாவது படியில் கால் வைத்ததும் கனவு அறுந்து போகிறது என்றான். இனி மேலே ஏறவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது என்றான். தையல்காரி இதையெல்லாம் மிஷின் சத்தத்துக்கு நடுவே, யார் வீட்டுக் கதையையோ கேட்பதுபோலக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

தினமும் ஏழு கேள்விகள். தலைவலி, தூக்கம், மாத்திரை, விரல் பயிற்சி, மறதி. ஆறாவது கேள்வி: "கோவம் வந்துச்சா?"

"வருது சிஸ்டர். ஆனா அடங்கிடுது."

ஏழாவது கேள்வி அவனுக்கல்ல, கூட இருப்பவருக்கு. திரைக்காரியின் கண் மெல்லத் திரும்பித் தையல்காரியைத் தேடியது.

"வீட்டுல உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்ல சிஸ்டர்," என்றாள் தையல்காரி. வீங்கிய விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்.

இன்று ஒரு நாள்தான். மாலை நாலு மணிக்கு டாக்டர் இந்தத் திரையிலேயே வந்து கொக்கியைப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் திங்கட்கிழமை வேலை, இன்றைக்கே திரையும் கிளம்பிவிடும். அவன் வேலைக்குப் போவதைவிட, திரை போவதற்காகத்தான் தையல்காரி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளை பார்க்கப் பார்க்க அடி வாங்குவதென்றால் சும்மாவா? வரைந்த கண்ணாக இருந்தாலும் கண் கண்தானே.

அதற்காகத்தான் அவள் அந்த உறையைத் தைத்தாள். சமையல், தையல், படுக்கை எல்லாம் ஒரே நீள அறையில். எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கண் கூடவே வந்தது. ஆரம்பத்தில் போர்வையை எடுத்துப் போட்டாள். அதை விரித்துப் போட நேரம் பிடித்தது. பிறகு மீந்த லைனிங் துணியில் அளவெடுத்து, ஓரம் மடித்து, நாடா கோத்து ஓர் உறை தைத்தாள். மேலே மாட்டியே இருக்கும், ஒரே இழுப்பில் இறங்கி மூடிக்கொள்ளும். அவள் கைவேலையில் அதைவிடக் கச்சிதமான பொருள் அந்த வீட்டில் கிடையாது.

அவன் முகம் மாறும். அவள் ஓடிப்போய் நாடாவை இழுப்பாள். பிறகு அடி விழும். அது முடிந்ததும் உறையை ஏற்றிவிட்டு முகம் கழுவிக்கொள்வாள்.

தலையில் அடிபட்ட மனுஷன், அவர் என்ன செய்வார் என்று ஒவ்வொரு தடவையும் தனக்கே சொல்லிக்கொள்வாள். டாக்டரிடம் சொன்னால் பூட்டிய வார்டில் போட்டுவிடுவார்கள். நோயாளியைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பேர் அவளுக்கு வேண்டாம்.

ஒன்பது மணி. அவனுடைய வேலைச் சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் முன்னால் அதைத்தான் போடுவேன் என்று நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்றான்.

"இது என்ன?"

"என்னங்க?"

"மூணாவது பித்தான். என்ன கலர் நூல்?"

அவள் பார்த்தாள். மற்ற பித்தான்களெல்லாம் கறுப்பு நூலில் இருந்தன. இது கருநீலம். வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"கண்ணு தெரியலைங்க. ரெண்டு நிமிஷம், பிரிச்சு..."

"ஊருக்கெல்லாம் தைச்சுக் கொடுக்கற. புருஷன் சட்டைன்னா மட்டும் கண்ணு தெரியாதா?"

முகம் மாறிவிட்டது. அவள் திரையை நோக்கி ஓடினாள். கை நாடாவைத் தேடியது. நாடா இல்லை. நேற்று அவன் எறிந்த டீ பட்டு உறை முழுக்கக் கறையாகிவிட, அதைத் துவைத்துப் போட்டிருந்தாள். வெளியே கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்துத் திரையின் மேல் வீசினாள்.

அவள் திரும்புவதற்குள் காதோடு சேர்த்து ஓர் அறை. உலகமே ஒரு பக்கம் 'ஙொய்' என்றது. கொத்தாக முடியைப் பிடித்து இழுத்ததில் நெற்றி மிஷினின் விளிம்பில் மோதியது. நூல்கண்டுகள் உருண்டன. கீழே விழுந்தவளின் விலாவில் ஓர் உதை. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது.

"கண்ணு தெரியலையா? தெரிய வைக்கறேன் இரு."

இஸ்திரிப் பெட்டியின் சூடு முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் பெட்டி தெரிந்தது. அவன் அவள் முடியை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியை அவள் கன்னத்தை நோக்கி இறக்கினான்.

அப்போது துண்டு வழுக்கி விழுந்தது.

"வணக்கம்," என்றாள் திரைக்காரி. "யாரோ அழற மாதிரி கேக்குது. நான் ஏதாவது உதவட்டுமா?"

பெட்டி நின்றது.

அவள் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில், துளி ஆட்டமில்லாமல் நின்றது. இரண்டு டன் இரும்பைத் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துகிற கைக்கு இது என்ன பெரிய வேலை?

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றான் கொக்கி. குரலில் தேன் ஒழுகியது. "சட்டை தேச்சுக்கிட்டிருக்கேன். இவ தடுக்கி விழுந்துட்டா."

முடியை விட்டான். எழுந்தான். பெட்டியைச் சட்டையின் மேல் வைத்து, காலரிலிருந்து தோள்வரைக்கும் நிதானமாக, சுருக்கமே இல்லாமல் தேய்த்தான்.

தையல்காரி தரையில் கிடந்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபத்தைத் தன்னால் நிறுத்த முடிவதில்லை என்றுதானே அடித்த பிறகெல்லாம் அவளிடம் சொல்வான்?

பத்து மணி மாத்திரைக்கு அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். அவன் தூங்க, அவள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினாள். நிறம் அடுக்கும்போதுதான் அவளுக்கு யோசனை ஓடும்.

முதல் வாரம். அப்போது போர்வையும் இல்லை, உறையும் இல்லை. அவனுக்குக் கோபம் வந்தது. ஸ்டூலை உதைத்தான். கதவை அறைந்து சாத்தினான். ஆனால் அவள் மேல் கை வைத்தானா? இல்லை. ஸ்டூல் உருண்ட சத்தத்துக்குத் திரைக்காரி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வெட்கப்பட்டுத்தான் மறுநாள் இவள் போர்வையைப் போட்டாள்.

முதல் அடி விழுந்ததும் அதே மறுநாள்தான்.

அப்படியானால்... அடி வருகிறது என்று அவள் மூடவில்லை. மூடியதால் அடி வந்தது. அவள் நாடாவை இழுக்கும்வரை அவன் காத்திருந்திருக்கிறான். ஓங்கிய கையோடு. ஒவ்வொரு தடவையும்.

அவள் கையிலிருந்து நீலக் கண்டு நழுவியது.

பன்னிரண்டரைக்கு நாத்தனார் வந்தாள். கொக்கியின் தங்கை. பஸ் டிப்போவில் பயணிகள் தவறவிட்ட பொருட்களைக் காக்கும் கவுன்ட்டர் அவளுடையது. வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவாள்.

"அண்ணி, இன்னைக்கு ஒருத்தர் பல்செட்டைத் தேடி வந்தாரு. என்ன நிறம், என்ன சைஸ்னு ஃபாரத்துல கேட்டிருக்கே, கேக்காம விட முடியுமா? பாவம், பல்லு இல்லாம பதில் சொல்ல அவர் பட்ட பாடு... அண்ணி? நெத்தியில என்ன?"

"மிஷின்ல இடிச்சுக்கிட்டேன்."

"மிஷின் எழுந்து வந்து இடிச்சுதா?"

நாத்தனார் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். தூங்குகிற அண்ணனையும், திரையையும் பார்த்தாள். இருவரும் வெளியே, வாசல் பக்கத்துத் துணிக்கொடிக்குக் கீழே போனார்கள். தையல்காரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். போர்வை, உறை, துண்டு, பெட்டி. குரலைத் தாழ்த்தி, கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

"எனக்குத்தான் புத்தி கோணலா யோசிக்குதோ என்னவோ. தலையில அடிபட்ட மனுஷனைப் போயி..."

நாத்தனார் கொடியில் தொங்கிய உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்செட் கதை சொன்ன முகம் அல்ல அது.

"எங்க வீட்டு ஹால்ல அப்பா படம் இருந்துச்சு, தெரியுமா அண்ணி?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கு எட்டு வயசு. அண்ணனுக்குப் பதினாலு. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. 'படத்தைத் திருப்பு'ம்பான். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பேன். அப்புறம் அடிப்பான்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்ப அவன் எந்த ஏணியிலிருந்து விழுந்தான் அண்ணி?"

தையல்காரி நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கல்யாணமானா மாறிட்டான்னு நெனச்சேன். விழுறதுக்கு முன்னாடி உங்களை அடிச்சதில்லையே?"

"அப்ப உங்க அம்மா இருந்தாங்க. எப்பவும் வீட்டுலயே உக்காந்திருப்பாங்க. அவங்க போனது அவர் விழறதுக்குப் பத்து நாள் முன்னாடிதானே..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாக்கியத்தை முடிக்கத் தேவை இருக்கவில்லை.

"நாலு மணிக்கு நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் நாத்தனார். காய்ந்திருந்த உறையை உருவி அண்ணியின் கையில் கொடுத்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இன்னைக்கு விட்டா திரையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உங்களை யாரு பாத்துப்பா?"

காலையில் திரை எப்போது தொலையும் என்று காத்திருந்தவள், இப்போது மணி நாலு ஆகாமல் இருக்காதா என்று ஏங்கினாள்.

நாலு ஆனது.

கொக்கி வேலைச் சட்டையில், தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் தையல்காரி, மடியில் உறையோடு. நாத்தனார் திறந்திருந்த வாசற்கதவருகே. திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் திரைக்காரி, மறு பாதியில் டாக்டர்.

"ரொம்ப நல்ல முன்னேற்றம்," என்றார் டாக்டர். "எண்பத்து நாலு நாள், ஒரு நாள்கூட விடாம பதில் சொல்லியிருக்கீங்க. திங்கள்கிழமை வேலைக்குப் போகலாம். திரையை எடுத்துக்க இன்னைக்கே ஆள் வருவாங்க."

"எல்லாம் சிஸ்டரோட புண்ணியம் டாக்டர்."

"ஒரே ஒரு விஷயம். திரையோட கண்ணு அப்பப்ப மறைஞ்சிருக்கு. முப்பத்திரண்டு தடவை. ஏன்?"

கொக்கி வாய்விட்டுச் சிரித்தான். "தூசி படாம மூடி வெப்பா டாக்டர். தையல்காரி இல்லையா? விட்டா எனக்கே ஒரு உறை தைச்சுடுவா."

சிரிக்கும்போதே மேசைக்குக் கீழே அவன் கை வந்து அவளுடைய வீங்கிய விரலைப் பிடித்தது. பிடித்து, மெல்ல, பின்பக்கமாக வளைத்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

போர்வையும் உறையுமாக முப்பத்தொன்று. ஒன்று துண்டு. கணக்கு சரிதான் என்று நினைத்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர்.

தையல்காரி சொல்லவில்லை. கையை உயர்த்தி மேசைமேல் வைத்தாள். விடுவதற்குள் அவன் கையும் கூடவே மேலே வந்துவிட்டது. நாலு விரல் சேர்ந்து ஒரு விரலை ஒடிக்கிற காட்சி, திரைக்கு நேர் எதிரே, பட்டப்பகல் வெளிச்சத்தில்.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னாள். "தலையில அடிபட்டு, கோவத்தை நிறுத்த முடியாதவங்க... கை ஓங்கறதுக்கு முன்னாடி யாராவது பாக்கறாங்களான்னு பாப்பாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பொதுவா அந்த நிதானம் இருக்காதும்மா."

"இவர் பாக்கறார். நான் மூடற வரைக்கும் காத்திருக்கார். சிஸ்டர், அந்த ஏழாவது கேள்வியை இன்னொரு தரம் கேளுங்க."

திரைக்காரியின் கண் மெல்லத் திரும்பியது. "வீட்டுல உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு சிஸ்டர். முப்பத்திரண்டு தடவை இருந்துச்சு."

"அங்கேயே இருங்கம்மா," என்றார் டாக்டர் எழுந்தபடி. "ஆளுங்களை அனுப்பறேன். இருபத்தஞ்சு நிமிஷம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், இணைப்பை யாரும் துண்டிக்க வேண்டாம்."

"சரிங்க டாக்டர்," என்றான் கொக்கி மரியாதையாக. எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, கதவை நோக்கி நடந்தான்.

"அண்ணா, உக்காரு," என்றாள் நாத்தனார். "இனிமே நான் படத்தைத் திருப்ப மாட்டேன்."

அவன் அவள் நெஞ்சில் கையை வைத்து ஒரே தள்ளு தள்ளினான். வாசலின் மூன்று படிகளிலும் அவள் உருண்ட சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கதவுக்கு மேலேயிருந்த மெயின் சுவிட்சுக்குக் கை போனது.

மின்விசிறி நின்றது. இணைப்பு அறுந்து, டாக்டர் இருந்த பாதி கறுத்துப் போனது. மறு பாதி மங்கியது, ஆனால் அணையவில்லை.

"மின்சாரம் இல்லை," என்றாள் திரைக்காரி. "இன்னும் பதினஞ்சு நிமிஷம் உங்களோட இருப்பேன்."

மூலையில் ஓர் எண் எரிந்தது. 15.

இருபத்தைந்தில் பதினைந்து போனால் பத்து. அந்தக் கணக்கை அவளும் போட்டாள். அவனும் போட்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"அதை மூடு," என்றான் அடிக்குரலில். இத்தனை நாளில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

தையல்காரி மிஷின் மேலிருந்த கத்தரியை எடுத்தாள். மடியிலிருந்த உறையின் நாடாவை வெட்டினாள். பிறகு துணியைக் குறுக்காக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, நேராக வெட்டினாள். இரண்டு துண்டும் தரையில் விழுந்தன.

அவன் பாய்ந்தான்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" என்றாள் திரைக்காரி.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. நெற்றி நரம்பு துடித்தது. திரையைத் தானே தொட்டுத் திருப்பி வைக்க அவனுக்கு இந்த எண்பத்து நாலு நாளில் ஒரு தடவைகூடத் துணிவு வந்ததில்லை. அதற்கெல்லாம் அவனுக்கு எப்போதும் ஒரு பெண் வேண்டும். மெல்ல, அந்தக் கை இறங்கித் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டது.

"நல்லா இருக்கோம் சிஸ்டர்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தான். வெளியே நாத்தனார் கதவை உடைப்பதுபோல் இடித்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. திரைக்காரியைப் பார்த்துச் சிரித்தபடியே, அவள் முகத்துக்குப் பக்கத்தில் எரிந்த எண்ணைப் பார்த்தான்.

தையல்காரி கத்தரியை விடவில்லை. அவளும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

13.